வாணலி எண்ணெயில் வண்டி ஓடுமா?

முதலாண்டு பி.எஸ்ஸி. வகுப்பில் திரவங்களின் பாகுநிலை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாகுநிலை என்றால் என்ன என்று கேட்டால் மாணவர்கள் வழக்கமாகச் சூத்திரத்தைத்தான் ஒப்பிப்பார்கள். அன்று கடைசி வரிசையில் இருந்து எழுந்த ஒரு மாணவன், சூத்திரம் சொல்லாமல் கேள்வி ஒன்றைக் கேட்டான்.

"சார், எங்க அப்பா சின்ன வேன் ஒண்ணு ஓட்டறார். விடியற்காலையில காய்கறி ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போவார். டீசல் விலை ஏறினதிலேருந்து வருமானத்துல பாதி டாங்கிக்கே போயிடுது. பக்கத்துப் பலகாரக் கடையில பொரிச்சு மிச்சமான எண்ணெயைக் கம்மி விலைக்குக் குடுக்கறாங்க. அதை வடிகட்டி, டீசலோட பாதிக்குப் பாதி கலந்து பதினைஞ்சு நாளா ஓட்டறார். வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா மெக்கானிக், 'எஞ்சின் கெட்டுடும்'னு சொல்றார். யார் சொல்றது சார் சரி?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பத்தின் பிழைப்பு அந்த வேனை நம்பி இருக்கிறது. மேலும், அந்தக் கேள்வி அத்தனை எளிதானதும் அன்று. தகப்பனார் சொல்வதும் சரி. மெக்கானிக் சொல்வதும் சரி! தாவர எண்ணெயில் டீசல் வண்டி ஓடும். அப்படியே நெடுநாள் ஓட்டினால் எஞ்சின் கெடும். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் மனக்கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு எஞ்சின்

தாவர எண்ணெயில் எஞ்சினை ஓட்டுவது புதிய யோசனை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது டீசல் எஞ்சினின் வயதையே ஒட்டியது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1892-ல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமை கோரினார். 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் இதில் பாதியைக்கூட எட்டுவது அரிது.

1900-ல் பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஆட்டோ என்ற கம்பெனி சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. அந்த எஞ்சின் கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்டது. கடலை எண்ணெய்க்கென்று அதில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அது ஓடிய அழகில், உள்ளே எரிவது கடலை எண்ணெய் என்பதே பார்வையாளர்களில் பலருக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு அரசாங்கத்துக்கு இதில் அக்கறை இருந்தது. அதன் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் கப்பலில் போக வேண்டியிருந்தது. தாவர எண்ணெய் இன்று அற்பமாகத் தோன்றினாலும் ஒருநாள் பெட்ரோலியத்தைப்போல் முக்கியமாகலாம் என்று டீசல் 1912-ல் கருத்துத் தெரிவித்தார். அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். பெட்ரோலியம் மலிவாகப் பெருகியதும் கடலை எண்ணெயை எல்லோரும் மறந்துபோனார்கள்.

தீப்பொறி இல்லாத நெருப்பு

டீசல் எஞ்சினுக்கு மட்டும் தாவர எண்ணெய் ஒத்துப்போவது ஏன்? சைக்கிளுக்குக் காற்றடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பாகம் சுடுகிறது அல்லவா? காற்றைச் சட்டென்று அழுத்தினால் அதன் வெப்பநிலை உயரும். டீசல் எஞ்சினின் உயிர் இந்த ஒரு தத்துவத்தில்தான் இருக்கிறது. அதன் சிலிண்டருக்குள் காற்று, தன் பருமனில் சுமார் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போன காற்று, வெப்பம் எதுவும் வெளியேறாவிட்டால், கணக்குப்படி ஏறத்தாழ 690 டிகிரிக்குச் சூடாக வேண்டும். சுவர்கள் வழியே கொஞ்சம் வெப்பம் வெளியேறுவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படியிருந்தும், அந்தக் காற்றில் எண்ணெயைப் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை.

பெட்ரோல் எஞ்சினின் முறை வேறு. அங்கே எரிபொருள் முதலில் ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும்; பிறகு ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்ற வேண்டும். சமையல் எண்ணெய் எளிதில் ஆவியாகாது. வாணலியில் 180 டிகிரிக்குக் காய்ந்த பிறகும் அது ஆவியாகிப் போகாமல் திரவமாகவே நிற்பதால்தான் நம்மால் அதில் வடை சுட முடிகிறது. ஆகவே பெட்ரோல் காரிலோ ஸ்கூட்டரிலோ சமையல் எண்ணெயை ஊற்றும் பேச்சுக்கே இடமில்லை. இனி நாம் பேசப்போவது டீசல் வண்டியைப் பற்றி மட்டும்தான்.

எண்ணெயில் ஆற்றல் போதுமா?

போதும். இதை அறிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். எண்ணெய்ப் பாக்கெட்டின் முதுகில் உள்ள சத்துப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராமுக்கு 900 கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். அதாவது ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி. நம் உடம்பு மெதுவாகச் செய்வதை எஞ்சின் வேகமாகச் செய்கிறது, வேறுபாடு அவ்வளவுதான். டீசலில் கிராமுக்குச் சுமார் 10 கிலோ கலோரிக்குச் சற்று அதிகமான ஆற்றல் இருக்கிறது. ஆனால் எண்ணெய் டீசலைவிடக் கொஞ்சம் அடர்த்தியானது. எனவே லிட்டர் கணக்கில் பார்த்தால் இடைவெளி இன்னும் குறைந்துவிடுகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகா ஜூல். ஒரு லிட்டர் தாவர எண்ணெயில் சுமார் 34 மெகா ஜூல். நூறு கிலோமீட்டர் ஓடுகிற டீசலுக்குப் பதிலாக அதே அளவு எண்ணெய் ஊற்றினால் சுமார் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் ஓடலாம்.

வேனின் சொந்தக்காரர் பதினைந்து நாளும் கண்டது இதைத்தான். அவர் சொன்னது உண்மையே. பிறகு குறை எங்கே இருக்கிறது?

ஒரு சிறிய சோதனை

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஊசி போடும் பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஊசியையும் உள்ளே தள்ளும் தண்டையும் நீக்கிவிடுங்கள். அடியை விரலால் அடைத்துக்கொண்டு, மேல் கோடு வரை நீர் நிரப்பி, விரலை எடுங்கள். நீர் வடிய எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கடலை எண்ணெயை நிரப்பி அதே சோதனையைச் செய்யுங்கள். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் எண்ணெயை எடுத்து, வெந்நீருள்ள பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கி மறுபடியும் பாருங்கள். (எண்ணெயை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.) குளிர்ந்த எண்ணெய் நெடுநேரம் எடுக்கும்; சூடான எண்ணெய் விரைவில் வடிந்துவிடும்.

திரவத்தின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்கிச் செல்வதற்குக் காட்டும் தயக்கமே பாகுநிலை. சென்டிஸ்டோக் என்ற அலகில் 40 டிகிரி வெப்பநிலையில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 வரை இருக்கும். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் முதலியவற்றுக்கு 35 முதல் 40 வரை. ஏறக்குறைய பத்து மடங்கு! விளக்கெண்ணெயோ 200-ஐயும் தாண்டிவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அது திரவ நிலையையே விட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட எண்ணெய் டாங்கியில் இருந்தால் வண்டியைக் கிளப்பவே முடியாது.

ஆயிரத்தில் ஒரு வினாடி

எண்ணெய் மெதுவாக வடிந்தால் எஞ்சினுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எஞ்சினுக்கு நேரம் மிகக் குறைவு என்பதே பதில். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் எஞ்சின், வினாடிக்கு 40 சுற்று ஓடுகிறது. ஒரு சுற்றில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் எரிபொருளைப் பீச்சி முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவான நேரம்தான் கிடைக்கிறது. அதற்குள் இன்ஜெக்டர் என்ற கருவி, மயிரிழை போன்ற துளைகள் வழியாக எரிபொருளைப் பனிப்புகைபோல் தூவ வேண்டும்.

டீசல் எளிதாகப் பனிப்புகையாகிவிடும். பாகு மிகுந்த எண்ணெய் பெரிய துளிகளாக விழும். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் நிறை எட்டு மடங்காகிறது. ஆனால் பரப்போ நான்கு மடங்குதான். எரிவது பரப்பில்தான் என்பதால், பெரிய துளி எரிந்து தீர ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் எஞ்சினில் இல்லை. ஆகவே அரைகுறையாக வெந்த எண்ணெய் இன்ஜெக்டர் வாயிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து கரியாகிறது. கரி படிந்த இன்ஜெக்டர் இன்னும் மோசமாகத் தூவும். அதனால் கரி இன்னும் வேகமாகப் படியும். முதலில் மெதுவாகத் தொடங்கும் கோளாறு பிறகு தானே தன்னை வளர்த்துக்கொள்கிறது.

இதோடு முடியவில்லை. சமையலறையில் எண்ணெய்த் தூக்கின் வெளிப்புறத்தையும், பழைய வாணலியின் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். பிசின்போல் பழுப்பாக ஒன்று ஒட்டியிருக்கும்; தேய்த்தாலும் எளிதில் போகாது. வெப்பமும் காற்றும் பட்டதால் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டதன் விளைவு அது. எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் புகுந்து இதே பிசினாக மாறினால் ரிங் ஒட்டிக்கொள்ளும். மேலும் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்தால், ஆயில் கூழாகக் கெட்டிப்படும். அந்த நிலையில் செலவு சில நூறு ரூபாயில் நிற்காது.

ஆக, பதினைந்து நாள் ஓடியதை வைத்து முடிவு சொல்ல முடியாது. இது உலகம் ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1973 அக்டோபரில் பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. 1979-ல் ஈரானியப் புரட்சியை ஒட்டி மறுபடியும் ஏறி 30 டாலரைத் தாண்டியது. அப்போது தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா முதலிய நாடுகளில் டிராக்டர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும் ஊற்றிச் சோதித்தார்கள். சில மணி நேரச் சோதனைகளில் எல்லாமே நன்றாக இருந்தன. நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டிய பிறகு, நாம் மேலே சொன்ன கோளாறுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. மெக்கானிக் சொன்னது இதைத்தான்.

பாகைக் குறைக்க மூன்று வழிகள்

முதல் வழி, மெல்லிய எண்ணெய் ஒன்றைக் கலப்பது. இலங்கையில் 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோலும் டீசலும் வருவது நின்றுபோனது. அங்கே மக்கள் பழைய பெட்ரோல் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெட்ரோலால் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டீசல் வண்டிகளுக்கு மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலந்தார்கள். இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. டீசல் எஞ்சினின் பம்பு, தான் இறைக்கும் எரிபொருளாலேயே மசகிடப்படுகிறது. மண்ணெண்ணெய் மட்டும் போனால் வழவழப்பு போதாமல் பம்பு தேயும். தாவர எண்ணெய் மட்டும் போனால் பாகு கூடிவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடு செய்கிறது. ஆனாலும் இது வேறு வழியில்லாத காலத்தில் செய்தது. கலப்பதால் கரி படிவது தள்ளிப்போகுமே தவிர நின்றுவிடாது.

இரண்டாவது வழி, எண்ணெயைச் சூடாக்குவது. சிரிஞ்சு சோதனையில் பார்த்தோம் அல்லவா? எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் 80, 90 டிகிரி வரை சூடாகிறது. அந்த வெப்பத்தை எண்ணெய்க்கு ஊட்டினால் பாகு பெருமளவு குறையும். இதற்கு இரண்டு டாங்கிகள் வேண்டும். டீசலில் வண்டியைக் கிளப்பி, எஞ்சின் சூடான பின் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடியும் டீசலுக்குத் திரும்பிக் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். மெதுவாக, நிறுத்தாமல், ஒரே சுமையில் ஓடும் எஞ்சின்களுக்கு இம்முறை பொருந்தும். நின்று நின்று ஓடும் வண்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 1990-களின் பிற்பகுதியில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர்களை ஓட்டி நீர் இறைத்துக் காட்டினார்கள். அவை ஒரே இடத்தில் நின்று சீராக ஓடும் எஞ்சின்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, மூலக்கூறையே மாற்றிவிடுவது. எண்ணெய் மூலக்கூறு ஒரு திரிசூலம் போன்றது. கைப்பிடியாக இருப்பது கிளிசரின்; மூன்று முனைகளாக நீண்டிருப்பவை கொழுப்பு அமிலச் சங்கிலிகள். இந்த மூன்று முனைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் பாகு மிகுதியாகிறது. காஸ்டிக் சோடாவை வினையூக்கியாகக் கொண்டு எண்ணெயோடு மெத்தனால் என்ற சாராயத்தைச் சேர்த்தால், கைப்பிடி கழன்று கிளிசரினாக அடியில் தங்கும். முனைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மெத்தனாலோடு சேர்ந்து எஸ்டர்களாகும். 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்தால், சுமார் 100 கிலோ எஸ்டரும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். இந்த எஸ்டருக்குத்தான் பயோடீசல் என்று பெயர். இதன் பாகுநிலை 4, 5 சென்டிஸ்டோக்தான், கிட்டத்தட்ட டீசலேதான்.

இதுவும் பழைய கண்டுபிடிப்பே. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர் 1937-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பாமாயிலில் இருந்து செய்த எஸ்டரைக் கொண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டினார்கள். நம் நாட்டில் 2002 டிசம்பர் 31 அன்று டில்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில், டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலந்து சோதனையாக ஓட்டப்பட்டது.

"அப்படியானால் இதை வீட்டிலேயே செய்யலாமே!" என்று எண்ண வேண்டாம். கள்ளச்சாராயச் சாவுகளில் அடிபடும் அதே மெத்தனால்தான் இது. கண்ணைக் குருடாக்கும், உயிரைக் குடிக்கும், எளிதில் தீப்பற்றும். அதோடு பொரித்த எண்ணெயில் நீரும் தனித்துப் பிரிந்த கொழுப்பு அமிலங்களும் இருக்கும். அவை காஸ்டிக் சோடாவோடு சேர்ந்தால் எஸ்டருக்குப் பதில் சோப்புக் குழம்புதான் கிடைக்கும். இது தொழிற்சாலையில் செய்ய வேண்டிய வேலை.

எத்தனை ஏக்கர் வேண்டும்?

இயற்பியலும் வேதியியலும் வழி காட்டிவிட்டன. இனி மனக்கணக்கு.

அந்த வேன் நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடுவதாகவும், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுப்பதாகவும் கொள்வோம். ஒரு நாளைக்கு 4 லிட்டர். ஆண்டுக்கு 1,460 லிட்டர். இவ்வளவையும் கடலை எண்ணெயாகக் கொடுக்க எவ்வளவு நிலம் வேண்டும்? ஓர் ஏக்கரில் 800 கிலோ காய் விளைந்தால், தோல் நீக்கிச் சுமார் 560 கிலோ பருப்பு கிடைக்கும். செக்கிலிட்டு ஆட்டினால் சுமார் 250 கிலோ எண்ணெய், லிட்டரில் 270. ஆகவே ஒரு வேனுக்கு ஏறத்தாழ ஐந்தரை ஏக்கர் வேண்டும்.

மற்றொரு விதமாகவும் பார்க்கலாம். நம் நாட்டில் ஒருவர் ஓராண்டில் சராசரியாகச் சுமார் 19 கிலோ சமையல் எண்ணெய் உண்கிறார். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 76 கிலோ. வேன் குடிக்கும் 1,460 லிட்டர் என்பது சுமார் 1,330 கிலோ. அதாவது பதினேழு குடும்பங்களின் ஓராண்டுச் சமையலை ஒரு சிறிய வேன் தனியாக விழுங்கிவிடும்!

நாடு முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் தலை சுற்றும். இந்தியா 2023-24-ல் எரித்த டீசல் ஏறக்குறைய 9 கோடி டன். நாம் ஓராண்டில் உண்ணும் சமையல் எண்ணெய் சுமார் இரண்டரைக் கோடி டன். அதிலும் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. நாட்டில் ஒருவரும் ஓராண்டு முழுவதும் தாளிக்காமல், பொரிக்காமல் இருந்து, அத்தனை எண்ணெயையும் வண்டிகளில் ஊற்றினாலும் மூன்று மாதத்துக்குக்கூடக் காணாது.

உணவும் எரிபொருளும் ஒரே பானையில் இருந்து மொள்ளப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் கண்டுவிட்டது. பாமாயில் உற்பத்தியில் முதலிடம் வகிப்பது இந்தோனேசியா. அங்கே டீசலில் பாமாயில் பயோடீசலைக் கலப்பது கட்டாயம். 2025-ல் இந்த அளவு 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே இந்தோனேசியாவில் 2022-ல் உள்நாட்டுச் சமையல் எண்ணெய் விலை கட்டுக்கடங்காமல் ஏறியது. அதனால் ஏப்ரல் இறுதி முதல் மே மாதம் வரை சில வாரங்களுக்குப் பாமாயில் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். உக்ரைன் போரினால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைந்திருந்ததும் இதற்கு ஒரு காரணம். அங்கே கதவடைத்ததன் சூடு நம் ஊர் மளிகைக் கடை வரை வந்தது.

காட்டாமணக்குக் கனவு

உண்ணும் எண்ணெய்தான் கூடாது. உண்ணாத எண்ணெய் இருக்கிறதே என்று கேட்கலாம். நம் அரசாங்கமும் அப்படித்தான் எண்ணியது. 2003-ல் திட்டக் குழு அமைத்த வல்லுநர் குழு, தரிசு நிலங்களில் காட்டாமணக்குப் பயிரிட்டு 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் வரை கலக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆடு மாடு மேயாத செடி, வேலியில் தானாக வளரும் செடி, நீர் வேண்டாத செடி என்று பெரிதாகப் பேசப்பட்டது. தமிழ்நாட்டிலும் பலர் நட்டார்கள். நீர் இல்லாமல் செடி உயிர் வாழ்ந்தது உண்மை. ஆனால் உயிர் வாழ்வது வேறு, காய்ப்பது வேறு. நீரும் உரமும் இல்லாத நிலத்தில் எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்கே காய்த்தது. நீரும் உரமும் கொடுக்க முடிந்த நிலத்தில் உழவர் வேறு பயிரையே நாடுவார் அல்லவா? 2018-ல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, இலக்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று குறைத்துக்கொண்டது. நடைமுறையில் கலப்பு ஒரு சதவீதத்தைக்கூட எட்டியதில்லை.

மலிவு என்பது எங்கிருந்து வருகிறது?

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்ற ஊர் இருக்கிறது. 2002-ல் அங்கே பலர் கடையில் சமையல் எண்ணெய் வாங்கித் தங்கள் டீசல் கார்களில் ஊற்றி ஓட்டியது கண்டுபிடிக்கப்பட்டது. புகைக்குழாயில் இருந்து வந்த வறுவல் வாசனை அவர்களைக் காட்டிக்கொடுத்தது. எரிபொருளுக்கான வரியைக் கட்டவில்லை என்பது அவர்கள்மேல் குற்றச்சாட்டு. பிறகு 2007-ல், ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை இவ்வாறு பயன்படுத்துவோருக்கு அந்நாட்டில் வரிவிலக்கு அளிக்கப்பட்டது.

அங்கே எண்ணெய் மலிவாகத் தோன்றக் காரணம், டீசலின் விலையில் பெரும்பங்கு வரியாக இருந்ததுதான். நம் ஊரிலோ ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் விலை ஒரு லிட்டர் டீசலின் விலையைவிட அதிகம். புது எண்ணெயை ஊற்றி இங்கே ஒரு காசும் மிச்சம் பிடிக்க முடியாது. ஆகவே மிஞ்சுவது பொரித்த எண்ணெய் மட்டுமே.

பொரித்த எண்ணெய்க்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடம்புக்குக் கேடு. துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. அதே ஆண்டில், ஓட்டல்களில் மிஞ்சும் எண்ணெயைத் திரட்டிப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் திட்டமும் தொடங்கியது. அப்படிப் போகாத எண்ணெயில் ஒரு பகுதி மலிவு விலைக்கு விற்கப்பட்டு, மறுபடியும் யாரோ ஒருவர் தட்டுக்குத்தான் வந்து சேர்கிறது. அதை ஆலைக்கு அனுப்புவது வண்டிக்கு எரிபொருளாகிறது; வயிற்றுக்கும் பாதுகாப்பாகிறது. நிலம் வேண்டாம், நீர் வேண்டாம். ஆனால் அதன் அளவு குறைவு. எல்லா வண்டிக்கும் அது வராது.

மாணவனுக்குச் சொன்னது

இவ்வளவையும் அன்று ஒரே வகுப்பில் சொல்லி முடிக்கவில்லை. மூன்று வகுப்புகள் ஆயின. "இதோடு நிறுத்திவிடச் சொல். எஞ்சின் ஆயிலை உடனே மாற்றச் சொல். இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்" என்று மட்டும் முதல் நாளே சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவன் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே பழைய இன்ஜெக்டர் முனை. அதன் வாயைச் சுற்றிக் கரி, சிறிய காளான்போல் பூத்திருந்தது. நல்லவேளையாக ரிங்குகள் ஒட்டவில்லை. ஆயில் கொஞ்சம் கெட்டியாகத் தொடங்கியிருந்ததாம். எண்ணெயில் மிச்சம் பிடித்த பணத்தைவிட ரிப்பேர் செலவு அதிகமாகிவிட்டது என்றான். அந்த முனையை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே வைத்திருக்கிறோம். பாகுநிலைப் பாடம் வரும்போதெல்லாம் அது வகுப்பைச் சுற்றி வரும்.

"அப்போ டீசல் விலைக்கு என்னதான் சார் வழின்னு அப்பா கேக்கச் சொன்னார்" என்றான். விலையைக் குறைக்க இயற்பியல் ஆசிரியரால் முடியாது. செலவைக் குறைக்கும் வழிகளைச் சொல்ல முடியும். டயரில் காற்றுக் குறைந்தால் உருளும் தடை கூடும். வாரம் ஒரு முறை காற்றுப் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சந்தையில் சரக்கு இறக்கும்போது எஞ்சினை நிறுத்த வேண்டும். வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும். ஆகவே சீராகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரைபாரத்தோடு இரண்டு வண்டி போவதைவிட முழுபாரத்தோடு ஒரு வண்டி போவது மேல்.

கடைசி யோசனையைத்தான் அவர் உடனே பிடித்துக்கொண்டாராம். இப்போது அவரும், அதே கிராமத்தில் வேன் வைத்திருக்கும் அவருடைய மைத்துனரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துச் சரக்கேற்றுகிறார்கள். டீசல் செலவு பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. பலகாரக் கடை எண்ணெய், ஆலைக்காகத் திரட்டும் வண்டியில் டப்பா டப்பாவாகப் போகிறது.